போகாதவன் வீட்டு நாற்று

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தவனிடம் எங்கள் ஊர் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கும். "எப்ப வந்திய?" "எப்ப போறிய?" இரண்டுக்கும் நடுவே மூச்சு விட இடம் இருக்காது. பஸ் ஸ்டாப்பில், கல்யாண மண்டபத்தில், சலூனில் தலையைக் குனிந்து கொடுத்திருக்கும்போது, எங்கே போனாலும் இதே பாட்டு. கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மழை வருமா என்று கேட்பதுபோல வாய்க்குப் பழகிய ஒன்று. இருபது வருஷம் நானும் தேதியைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டியவன்தான். இந்தத் தடவைதான் அந்த இரண்டாவது கேள்வி மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ஸ்டோர் கீப்பர் வேலை. கடைசி மாதத்தில் ஸ்டோரில் வைக்கச் சாமானும் இல்லை, காக்க ஆளும் வேண்டாம். ஐம்பதை எட்டப்போகிறவனுக்குப் புது விசா எவன் கொடுப்பான்? பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு சித்திரை மாத விடியற்காலையில் வந்து இறங்கினேன். வந்த அன்றே பால்காரர் கேட்டார், "எப்ப போறிய?" நான் யோசிக்கவே இல்லை. "அடுத்த மாசம்" என்றேன். சொல்லிவிட்டேன், முடிந்தது கதை. அதற்குப் பிறகு எல்லோருக்கும் அதே பதில். அடுத்த மாதம் வந்தால் அதற்கும் அடுத்த மாதம்.

லீவில் இருக்கிறவனுக்கு எங்கள் பக்கம் ஒரு நடை உடை உண்டு. தேய்த்த வெள்ளை வேட்டி, கையில் வாட்ச், அவன் போன பிறகும் தெருவில் நிற்கிற சென்ட் வாசனை. அவன் மண்வெட்டியைத் தொடமாட்டான். தேங்காய் பொறுக்கமாட்டான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் கொத்துகிறவனைக் கண்டால் ஊர் உடனே முடிவு கட்டிவிடும், இவன் இனி போகப் போவதில்லை என்று. ஆகவே நான் தினமும் வேட்டியைத் தேய்த்தேன். என் மனைவி தனியார் பள்ளி ஒன்றில் டீச்சர். காலையில் எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் என்னைப் பார்த்து நின்றாள்.

"வீட்டுக்குள்ள இருக்க ஆளுக்கு எதுக்கு இந்த சென்ட்டு? கொசுவுக்கா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் போன பிறகு சட்டையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தேன்.

நாற்று போடும் யோசனை அந்த நாள்களில்தான் வந்தது. சம்பளம் கொண்டுவரமுடியாதவன் ஒரு அவியலுக்குக் காயாவது கொண்டுவரலாமே என்று. எங்கள் குடும்பம் நெல் போட்ட குடும்பம். காய்கறி என்றால் சந்தையில் வாங்குவது என்றுதான் வளர்ந்தோம். அந்த வயலும் நான் அனுப்பிய பணத்தோடு சேர்ந்து இந்தக் கான்கிரீட் வீடாக மாறி வருஷங்கள் ஆகின்றன. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் மிச்சமிருந்தது. அதில் ஏதாவது நட்டால் என்ன?

நடலாம். ஆனால் அதற்கு முற்றத்தில் இறங்க வேண்டுமே! அதனால் நாற்றை வீட்டுக்குள் போட்டேன். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய அறை பின்பக்கம் இருக்கிறது, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. அவள் படிக்கிற மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, குழித்தட்டுகள் வாங்கி, தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக வைத்தேன். கத்தரி, தக்காளி, மிளகாய். கத்தரியை எங்கள் பக்கம் வழுதலங்காய் என்போம். மனைவி கேட்டதற்கு, "வெளிய காத்து தூக்கிட்டுப் போயிரும். மயிலு வேற வந்து ஒண்ணு விடாம கொத்தீரும்" என்றேன். பொய் இல்லை. தோவாளைப் பக்கத்து ஆடிக் காற்று மனிதனையே நிற்கவிடாது. மயில்களும் முற்றத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வரும். உண்மை என்னவோ வேறு. பயந்து உள்ளே இருந்தது நாற்று இல்லை, நான்தான். நான் பயந்தது ஊருக்கு.

விதை முளைத்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. ஒரு காலையில் தட்டை மூடியிருந்த ஈரச்சாக்கைத் தூக்கினேன். பச்சை நூல்கள் முதுகை வளைத்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தன. "அட! வந்துட்டியளா!" என்று வாய்விட்டே சொன்னேன். பல மாதங்களில் நான் மகிழ்ச்சியாகப் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். செடிகள் என்னிடம் எப்போது போகிறாய் என்று கேட்கவில்லை.

ஆனால் அவை வளர்ந்த விதம்தான் சரியில்லை. சன்ஷேடு நிழல் விழுகிற ஜன்னல் அது. வெளிச்சம் போதாமல் நாற்றுகள் ஜன்னல் பக்கமே சாய்ந்து, இழுத்து இழுத்து, நெட்டையாக வெளிறிப் போயின. தட்டைத் திருப்பி வைத்தால் இரண்டு நாளில் மறுபடியும் கம்பிக்கு அந்தப்புறம் எட்டிப் பார்க்கும். மொபைலில் வீடியோ பார்த்து, மேசைக்கு மேலே ஒரு ட்யூப்லைட் தொங்கவிட்டேன். கரண்டு பில் வந்ததும் மனைவி அதை என் முன்னால் வைத்தாள்.

"தக்காளிய இதவிடக் கொறைஞ்ச வெலைக்குக் கடையில தருவான்."

"உனக்கு ஒண்ணும் புரியாது, போ."

"எனக்குப் புரியுது. அதுக்கு லைட்டு வேண்டாம், வெயிலு போதும். முத்தத்துல இல்லாத வெயிலா? நீங்கதான் கொண்டு வைக்க மாட்டிய." அவள் குரலை உயர்த்தவில்லை. "யாரு வேலய விட்டுட்டு வரல்ல? நீங்க ஒரு ஆள்தானா? போகல்லேன்னு ஒரு வார்த்த சொன்னா ஊரு இடிஞ்சா விழுந்திரும்?"

இடிந்து விழாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப்போனால் வாயில் கொழுக்கட்டை வந்து அடைத்துக்கொண்டது.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு சித்தி இருக்கிறார்கள். சொந்தத்தில் சித்தி இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். கணவர் இறந்து நாளாயிற்று. நெற்றியில் வெள்ளை நாமம் இட்டு, சாமியை அய்யா என்று கும்பிடுகிற அய்யாவழிக் குடும்பம். ஒரே மகன், நான் இருந்த அதே ஊரில் கட்டட வேலை பார்க்கிறான். அவனுக்கு விசாவுக்கு வழி சொன்னதே நான்தான். அதனால் அவனுக்கு நான் அண்ணன், அவன் அம்மாவுக்கு நான் இன்னொரு மகன். அவன் ஊருக்கு வந்து மூன்று ஓணம் கழிந்துவிட்டது.

சித்தி ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்கள், "மக்கா, எப்ப போற?"

"அடுத்த மாசம் சித்தி."

"அடுத்த மாசம்னா எப்ப? தேதி சொல்லு. பயலுக்கு நாலு முந்திரிக்கொத்து சுட்டுத் தரணும். முன்னாடியே சுட்டா எண்ணெச் சிக்கு வாடை வந்திரும்."

வளைகுடாவுக்குப் போகிறவன் கையில் பார்சல் கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். யார் போனாலும் தெருவில் பாதி வீடு பெட்டி கட்டும். மாங்காய் அச்சாறு, ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ், சுக்குப்பொடி, தைலம். போகிறவன் தன் துணியைக் குறைத்துக்கொண்டு அதை எடுத்துப் போவான். மாட்டேன் என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் வார்த்தை கிடையாது. நானும் அங்கே இருந்தபோது எத்தனையோ பேர் கொண்டுவந்த பெட்டியை ஏர்போர்ட்டில் போய் நின்று வாங்கியவன்தான். முந்திரிக்கொத்தில் பெயரில்தான் முந்திரி. வறுத்த சிறுபயற்றுப் பொடியும் தேங்காயும் எள்ளும் சர்க்கரைப் பாகில் பிசைந்து உருட்டி, மாவில் முக்கிப் பொரிப்பது. அங்கே அறையில் அந்த டப்பாவைத் திறந்தால் எட்டுப் பேர் கட்டிலை விட்டு எழுந்து வருவார்கள்.

இதெல்லாம் தெரிந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஒரு தேதியைச் சொன்னேன். பொய்க்கு ஒரு நாளும் நேரமும் இருந்தால்தான் நம்புவார்கள் என்று, "ஆடி அமாவாச வாவுபலி கழிஞ்சு வாற புதன்கிழம, விடியக் காலத்த ஃபிளைட்டு" என்று சொன்னேன். என் நாக்கைப் பிடுங்கி எறிந்திருக்கலாம்.

அந்தப் புதனுக்கு முந்தின வாரம் பெட்டி வந்துவிட்டது. சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய அட்டைப்பெட்டி, மேலே கறுப்பு மார்க்கரில் மகன் பெயரும் போன் நம்பரும். நான் அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் என்று எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் மகள் அறையில், நாற்று மேசைக்குக் கீழே தள்ளினேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி தட்டைத் தள்ளிவிட்டாள்.

"இது என்ன வெளையாட்டு? நாளைக்கே கொண்டு குடுத்திருங்க. இல்லன்னா நான் போய்ச் சொல்லுகேன்."

"வேற யாராவது போறவன் கையில குடுத்து விட்டுருவேன். நீ சும்மா இரி."

யாராவது போகிறானா என்று விசாரித்தால், நீ போகவில்லையா என்று திருப்பிக் கேட்பானே! அதனால் விசாரிக்கவும் இல்லை. டிக்கெட் தள்ளிப்போய்விட்டது என்று செவ்வாய்க்கிழமை சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். மனைவியிடமும் அதைத்தான் சொன்னேன்.

செவ்வாய் சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வருமுன் சித்தி வந்தார்கள். கையில் சின்ன டப்பாவில் திருநாமம். "குனி மக்கா" என்றார்கள். குனிந்தேன். என் நெற்றியில் விரலால் நாமத்தை இழுத்து, "அய்யா உண்டு. நல்லபடியா போயிட்டு வா" என்றார்கள். அவர்கள் விரல் நெற்றியில் இருக்கும்போது எப்படிச் சொல்லுவேன், டிக்கெட் தள்ளிப்போய்விட்டது என்று? பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. "வாறேன் சித்தி" என்றுதான் வந்தது. மனைவி வந்து கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்று அவளிடமும் பொய் சொன்னேன்.

அப்புறம் நான் செய்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புதன்கிழமை மனைவி வேலைக்குப் போனதும் முன்கதவை உள்ளே தாழிட்டேன். மொபைலை அணைத்தேன். விமானத்தில் இருக்கிறவனுடைய போன் எப்படி அடிக்கும்? என் வீட்டுக்குள்ளேயே நான் வெளிநாடு போய்விட்டேன். லுங்கியோடு மகள் அறைத் தரையில் உட்கார்ந்து, நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பூ ஏற்றிய வேன்களும் பஸ்களும் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சித்தியின் மகன் அங்கே என்ன செய்துகொண்டிருப்பான் என்று ஒரு தடவை தோன்றியது. அதை அப்படியே ஒதுக்கிவிட்டேன்.

மத்தியானம் முன்கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். நான் அசையவில்லை. பிறகு வீட்டைச் சுற்றிச் செருப்பில்லாத காலடி வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முகம் உள்ளே பார்த்தது. நாற்றுகளின் நெட்டைத் தண்டுகளுக்கு அந்தப் பக்கம் சித்தி. தலைமுடி கலைந்து, மூச்சு இரைத்து, கண்ணெல்லாம் தண்ணீர்.

"மக்கா..." என்றார்கள். "நீ இருக்கியா? உயிரோட இருக்கியா மக்கா?"

நான் தண்ணீர் தெளிக்கிற குப்பியோடு எழுந்து நின்றேன்.

"பய காலத்த இருந்து ஏர்போட்டுல நிக்கான். ஃபிளைட்டு வந்து எல்லாரும் எறங்கிப் போயிட்டாவ, அண்ணனக் காணல்லே, போனும் எடுக்கல்லேன்னு பதறுகான். போற வழியில வண்டி எங்கயும் முட்டிச்சோ என்னவோன்னு நான் ஓடி வாறேன். அய்யா காப்பாத்துனாரு."

என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். செத்துப்போனேனோ என்று பயந்து வெயிலில் வெறுங்காலோடு ஓடி வந்தவர்களின் முன்னால், லுங்கியோடு, கையில் குப்பியோடு நின்றேன். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

பின்கதவைத் திறந்தேன். உள்ளே வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது மேசைக்கு அடியில் இருந்த பெட்டிதான். ஒரு வாரமாகத் தட்டுகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் அட்டை ஊறி, அடி உப்பியிருந்தது. மேலே மார்க்கர் எழுத்து கலங்கி, மகன் பெயரில் பாதிதான் வாசிக்க முடிந்தது. சித்தி தரையில் உட்கார்ந்து முந்தானையால் அந்த எழுத்தை ஒற்றி எடுத்தார்கள். ஒற்ற ஒற்ற இன்னும் கலங்கியது. அப்போதுதான் அவர்களுக்கு விஷயம் முழுக்கப் புரிந்தது என்று நினைக்கிறேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, வீடியோ கால் போட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

"நீயே சொல்லு."

திரையில் அவன் வந்தான். வேலைக்குப் போகிற சட்டை இல்லை, நல்ல சட்டை போட்டிருந்தான். பின்னால் கண்ணாடிக் கதவுகள், தள்ளுவண்டிகள், பெட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்கள்.

"அண்ணா! என்னாச்சு அண்ணா? ஃபிளைட்டு மிஸ்ஸாயிட்டா? ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லடே."

"பின்ன? நாளைக்கா வாறிய?"

"இல்ல."

அவன் காத்திருந்தான். சித்தியும் காத்திருந்தார்கள்.

"கம்பெனி மூடியாச்சு. எனக்கு விசா இல்ல. சும்மா சொன்னேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் கண் என் தோளுக்குப் பின்னால் போயிற்று. "பொறத்த அது என்ன அண்ணா? செடியா?"

"வழுதலங்கா நாத்து."

"ம்." தலையை ஆட்டினான். "செரி அண்ணா. நான் பஸ்ஸு பிடிக்கேன். இப்பப் போனா அர நாளு டூட்டியாவது கிட்டும். அம்மைக்க கிட்ட அழவேண்டாம்னு சொல்லுங்க."

திரை அணைந்தது. சித்தி அழவில்லை. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். நான் வாங்கப் போனேன். "வேண்டாம்" என்றார்கள். ஈர அட்டையில் அடி கிழிந்துவிடாமல் ஒரு கையைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு நடந்தார்கள். ஜன்னல் வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் அந்த நேரத்தில் சுட்டுப் பொசுக்கும்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். பிறகு, "சே!" என்றாள். அதற்குமேல் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

மறுநாள் வீம்பு பிடித்தவன் மாதிரி தட்டுகள் அத்தனையையும் தூக்கி முற்றத்து வெயிலில் கொண்டு வைத்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன! ட்யூப்லைட்டில் வளர்ந்தவை அவை. வெயிலே கண்டதில்லை, காற்றும் பட்டதில்லை. மத்தியானம் வந்து பார்த்தால் தக்காளி முழுவதும் வெந்த கீரையாகக் கிடந்தது. கத்தரியில் பாதி தண்டு ஒடிந்து தொங்கியது. அவற்றிடமும் நான் தப்புச் செய்துவிட்டேன் என்று உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நாற்றுக்காக மட்டும் அழவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

மிஞ்சியதை முருங்கை நிழலில் வைத்தேன். காலையில் கொஞ்ச நேரம் வெயில், பிறகு நிழல், சாயங்காலம் உள்ளே. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக வெளியே. அவற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்ததை ஊர் பார்த்தது. லுங்கியோடு பார்த்தது. தண்டு மெல்ல மெல்லத் தடித்து, இலை கரும்பச்சையானது. ஆவணிக் கடைசியில் மண் கொத்தி, பாத்தி கட்டி நட்டேன். ஒரு வாரம் பேசாமல் இருந்த அதே மனைவிதான் ஒருநாள் இனயம் கடற்கரையிலிருந்து வருகிற டீச்சரிடம் சொல்லி, பழைய மீன்வலை ஒன்றை வாங்கி வந்து என் முன்னால் போட்டாள். "மயிலு வருமே" என்றாள். வலையைச் சுற்றிக் கட்டினேன்.

மண்வெட்டியும் கையுமாக நின்ற பிறகாவது நான் அந்த வார்த்தையைச் சொன்னேனா? இல்லை! "எப்ப போறிய?" என்று கேட்டவர்களிடம், "பாப்போம்", "ஒண்ணு ரெண்டு எடத்துல சொல்லி வச்சிருக்கு" என்று இழுத்தேன். சித்தி ஊரில் யாரிடமும் அந்தக் கதையைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் காத்த மானத்தை வைத்துக்கொண்டு நான் மேலும் பொய் சொன்னேன்.

கார்த்திகையில் கத்தரி காய்த்தது. பச்சையில் வெள்ளை வரி ஓடிய நீளக் காய். முதல் பறிப்பை ஒரு பையில் போட்டுச் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் நின்றேன். வெகு நேரம் கழித்து வந்தார்கள். பையைப் பார்த்தார்கள்.

"அங்க வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பறிப்பிலும் கொண்டுபோய் வைத்தேன். வாங்கமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. சமைக்கிறார்களா, பசுவுக்குப் போடுகிறார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு யாராவது போகிறவனிடம் பார்சல் கொடுத்துவிட்டார்களா என்றும் தெரியாது. அந்த முந்திரிக்கொத்து என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தை பிறந்து கொஞ்ச நாளில், தெருவின் அந்தக் கோடியில் இருக்கிற ஒரு இளைஞனுக்கு, சித்தி மகன் இருக்கிற அதே வெளிநாட்டு ஊரில் வேலை கிடைத்தது. உண்மையாகவே போகிறவன். அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் நான் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மண். கேட்டுக்கு வெளியே சித்தி நின்றார்கள். இடுப்பில் ஒரு புது அட்டைப்பெட்டி.

"ஏ மக்கா. இதத் தூக்கிட்டு என்கூட வா."

பல மாதங்களுக்குப் பிறகு என்னை மக்கா என்று கூப்பிட்டார்கள். கையைக்கூடக் கழுவாமல் லுங்கியில் துடைத்துக்கொண்டு ஓடினேன். பெட்டியை வாங்கித் தோளில் வைத்தேன். அதே சணல் கயிறு, அதே கறுப்பு எழுத்து. சித்தி எனக்குப் பின்னால் நடந்தார்கள்.

இரண்டு வீடு தாண்டவில்லை. வாசலில் உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா பூவை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏ, பெட்டி கட்டியாச்சா? எப்ப போற?"

தோளில் பார்சலோடு போகிறவனைப் பார்த்தால் வேறு என்ன கேட்பார்கள்? எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்லக்கா, இது..." என்று முனகினேன்.

பின்னாலிருந்து சித்தி குரல் வந்தது. "அவளுக்குக் கேக்கல்லே. உரக்கச் சொல்லு."

நின்றேன். தெரு முழுக்க வெயில். "நான் போகல்லே அக்கா" என்றேன். "இது சித்தி மகனுக்கு."

"ஓ. பின்ன எப்ப போவ?"

"இனி போகல்லே. வேல போச்சு."

"அப்பிடியா" என்றார் அக்கா. பூவை எடுத்து அடுத்த கண்ணியைக் கட்டினார். அவ்வளவுதான்! இத்தனை மாதம் நான் பயந்து ஒளிந்தது இதற்காகவா என்று எனக்கு மறுபடியும் வெட்கமாகிவிட்டது. டீக்கடையில் கேட்டார்கள். சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். சொன்னேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று கேட்டார், அவருக்கும் சொன்னேன். காது சுட்டது, முகம் எரிந்தது. ஒவ்வொரு தடவையும் சித்தி பின்னால் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நடந்தார்கள். அன்றைக்கு நான் அந்தப் பெட்டியை எத்தனை தூரம் கொண்டுபோயிருக்க வேண்டும்! இப்போது கொண்டுபோனது ஒரு தெருவின் நீளம்.

அந்தப் பையன் வீட்டில் ஏற்கெனவே பெட்டிகள் குவிந்திருந்தன. எடை கூடிவிடும் என்று எல்லாவற்றையும் பிரித்து ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்தான். சித்தியின் பெட்டியையும் திறந்தான். மேலே முந்திரிக்கொத்து டப்பா. அதற்குக் கீழே பெரிய பாலிதீன் கவரில் ஏதோ வற்றல். நீளவாக்கில் அரிந்து உப்புப் போட்டுக் காயவைத்தது. காய்ந்து சுருங்கியிருந்தாலும் தோலில் அந்த வெள்ளை வரி தெரிந்தது.

நான் சித்தியைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்காமல் கவரைச் சரியாக உள்ளே அமுக்கினார்கள்.

"அவந்தான் கேட்டான். அண்ணன் வீட்டுல அன்னைக்குக் கண்டேனே, அந்தச் செடி காய்ச்சுதான்னு. போன் பண்ணுகப்பெல்லாம் கேட்டான். நீயா ஒருநாளும் அவனக் கூப்பிட்டுச் சொல்லல்லே."

உண்மை. ஒருநாளும் கூப்பிடவில்லை. நல்ல சட்டை போட்டு ஏர்போர்ட்டில் நின்று, அரை நாள் சம்பளத்தையும் தாயின் பலகாரத்தையும் என்னால் இழந்தவன், நான் வளர்த்த செடி பிழைத்ததா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

இளைஞன் பெட்டியை மூடிக் கயிறு சுற்றினான். "அண்ணன் ஏதாவது சொல்லி விடணுமா, அங்க?" என்றான்.

சொல்ல எத்தனையோ இருந்தது. "காய்ச்சுதுன்னு சொல்லு" என்றேன்.

"அத நீ சொல்லு" என்றார்கள் சித்தி. இடுப்பிலிருந்து போனை எடுத்து, அழைப்பைப் போட்டு, அன்றைக்குப் போலவே என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். மணி அடிக்கத் தொடங்கியது. என் கையில் இன்னும் பாத்தி மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு போனை நானே வாங்கிப் பிடித்தேன்.